குரூப் போட்டோவும் பெரியப்பாவோட அரையடியும்

எங்க குடும்பத்துல கேமரா வச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான், அதனால திருக்கடையூர்ல தாத்தாவுக்கு சதாபிஷேகம்னு முடிவானதுமே அம்மா "டேய், குரூப் போட்டோ உன் பொறுப்பு"ன்னுட்டாங்க. காசு கொடுத்து பேசின போட்டோகிராபர் கலசம், மாலை, ஆரத்தினு சுத்திட்டு இருந்தாரே தவிர இந்தப் பக்கமே வரல. விவரமானவர்.

முதல் தகராறு இடம். சித்தப்பா எல்லாரையும் ஓட்டிட்டு போய் வாசல்ல போட்ட ஷாமியானா கீழ நிறுத்திட்டாரு. பச்சைத் துணிங்க அது. வெயில் அது வழியா இறங்குச்சுன்னா மொத்த குடும்பமும் பச்சை மூஞ்சிதான், அதை வைட் பேலன்ஸ்ல (கேமராவுல கலரை சரி பண்ற செட்டிங்) சரி பண்ணப் போனா பட்டுப்புடவை கலர் மாறிடும், அப்புறம் அத்தைகிட்ட யார் பதில் சொல்றது? வெளிய உச்சி வெயில், நின்னா கண்ணுக்கு கீழ கருப்பா நிழல் விழும், கண்ணை சுருக்கிட்டு எல்லாரும் சண்டைக்கு வந்த மாதிரி இருப்பாங்க. கடைசியில மண்டபத்து வராண்டாதான் செட் ஆச்சு. மேல நிழல், எதிர்ல திறந்த வாசல், வெளிச்சம் நேரா முகத்துல. புதுசா கேமரா வாங்கினவங்க செட்டிங்கை திருகுறதுக்கு முன்னாடி ஆளுங்களை நகர்த்துங்க, அதுதான் பெரிய வேலை.

செட்டிங் சிம்பிள்தான். எஃப் 8 (லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் கூடினா துவாரம் சின்னதாகி முன்ன பின்ன நிக்கிறவங்களும் தெளிவா விழுவாங்க), ஷட்டர் 1/125 (வெளிச்சம் உள்ள வர்ற நேரம், செகண்டுல), ஐஎஸ்ஓ 800 (வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கிறது), ஃபோக்கஸ் முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற தாத்தா கண்ணுல. ஏன் எஃப் 8னா, எங்க பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் பழைய வாய்க்கால் தகராறு ஒண்ணு இருக்கு, பக்கத்துல நிறுத்தினா பெரியப்பா சத்தமில்லாம அரையடி பின்னாடி போயிடுவாரு. பின்னாடி மங்கலா வந்தா அழகா இருக்கும்னு எஃப் 1.8ல எடுத்தீங்கன்னா அந்த மங்கல்ல பெரியப்பாவும் சேர்ந்து போயிடுவாரு, அப்புறம் "என்னை மட்டும் வேணும்னே இப்படி எடுத்திருக்கான், எல்லாம் அவன் மாமன் சொல்லிக் கொடுத்தது"னு அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓடும். எஃப் 8 அரையடி சண்டையெல்லாம் தாங்கும். அதுக்கு மேலன்னா பஞ்சாயத்துதான்.

இதுல அத்தை எனக்கு ஓரம்தான் வேணும்னு நிக்கிறாங்க. கேமராவோடயே வந்த கிட் லென்ஸை 18 மி.மீ.ல, அதாவது அகலமா எடுக்கிற பக்கம் வச்சு கிட்ட நின்னு எடுத்தா ஓரத்துல இருக்கிறவங்க அகலமா இழுபட்டு தெரிவாங்க, இதை அத்தைகிட்ட சொல்ல எனக்கென்ன பைத்தியமா, பேசாம 35க்கு ஜூம் பண்ணிட்டு பின்னாடி பின்னாடி போறேன், பின்னாடி பந்தி நடக்குது. "தம்பி, சாம்பார் கொதிக்குது, தள்ளுங்க"ன்னு முதுகுல ஒரு குரல். தாத்தா வேற வாயே திறக்கல, பல் செட் ரூம்லயே டம்ளர்ல இருக்காம்.

"எத்தனை தடவைடா எடுப்ப?"னு சித்தப்பா கத்துறாரு, பந்தில அவர் இலை காத்துட்டு இருக்கு. இதுக்கு நிஜமாவே ஒரு கணக்கு இருக்குங்க. ஆஸ்திரேலியாவுல சிஎஸ்ஐஆர்ஓங்கிற அரசு ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ்னு ரெண்டு பேர், யாரும் கண்ணு மூடாத ஒரு போட்டோ கிடைக்க எத்தனை எடுக்கணும்னு கணக்கு போட்டு 2006ல இக் நோபல் வாங்கினாங்க, முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு தர்ற பரிசு அது. இருபது பேருக்குள்ளன்னா, நல்ல வெளிச்சத்துல தலையை எண்ணி மூணால வகுங்க, வெளிச்சம் கம்மின்னா ரெண்டால. நாங்க 18 பேர், அப்போ ஆறு. சித்தப்பாகிட்ட சொன்னேன், "மூடாத கண்ணு எனக்கெதுக்குடா, எனக்கு பசிக்குது"ங்கிறாரு.

இன்னொண்ணு, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினா எங்க ஆளுங்க மூச்சைப் பிடிச்சுட்டு ஆதார் கார்டுக்கு நிக்கிற மாதிரி நிப்பாங்க. "முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு உடனே இன்னொண்ணு அமுக்குங்க. அப்பதான் தாத்தா பொக்கை வாயைத் திறந்து சிரிச்சாரு, பாட்டி அவர் தோள்ல ஒரு தட்டு தட்டினாங்க, அதுதான் படம்.

ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், சும்மா போட்டோவா அனுப்பினா அது அமுக்கி தேய்ச்சிடும்னு டாக்குமென்ட்டாவே அனுப்பினேன். காலையில பார்த்தா பெரியப்பா தாத்தா பாட்டி எல்லாரையும் வெட்டிட்டு தன்னை மட்டும் டிபியா வச்சிருக்காரு. நல்லா ஷார்ப்பா இருக்காரு. இடது ஓரத்துல மாமாவோட காதும் ஷார்ப்பா இருக்கு, அதை இன்னும் யாரும் அவர்கிட்ட சொல்லல.