கேரம் போர்டும் கருவாட்டுக் குழம்பும்

இன்னைக்கு 2020 ஏப்ரல் 26, கொரோனாவால சென்னையில 4 நாள் முழு ஊரடங்கு ஆரம்பிச்சுருச்சு, மளிகைக் கடை கூட கிடையாது, நேத்தே அம்மா வேணும்ங்கறத வாங்கி வச்சுட்டாங்க. ராயபுரத்துல ஞாயித்துக்கிழமைன்னா மீன் இல்லாம இருக்காது, ஆனா 15ஆம் தேதில இருந்து மீன்பிடி தடைக்காலம் வேற, அதனால ஆயா பானையில போட்டு வச்சிருந்த நெத்திலிக் கருவாட்ட எடுத்து கத்திரிக்கா மாங்கா போட்டு குழம்பு வச்சாங்க பாருங்க, தெருவே மணத்துச்சு.

சாப்ட்டு பாய விரிச்சு கேரம் போர்டு எடுத்தோம். அப்பா பத்து வருஷம் கழிச்சு ஸ்ட்ரைக்கர தொடுறாரு. துறைமுகத்துல ஐஸ் ஏத்துற வேலை, விடிகாலை ரெண்டு மணிக்கே கெளம்பிடுவாரு, நாங்க எழுந்திருக்கும்போது வீட்லயே இருக்க மாட்டாரு. இன்னைக்கு ரெட்டயும் போட்டு ஃபாலோவும் போட்டு சின்னப்புள்ள மாதிரி சிரிச்சாரு. அந்த சிரிப்ப நான் பாத்து எவ்ளோ நாளாச்சு!

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனோம். ட்ரெயின் சத்தமே இல்ல, 1856ல தொறந்த எங்க ராயபுரம் ஸ்டேஷன் இப்டி அமைதியா இருக்கறத ஆயாவே பாத்ததில்லயாம். கடல் காத்து நல்லா வந்துச்சு, பக்கத்து மாடி அக்கா அங்கருந்தே "சாப்டீங்களா"ன்னு கேட்டாங்க, தம்பி பட்டம் விடணும்னு ஒரே அடம். சம்பளம் இல்லாத கவலை அப்பாவுக்கு உள்ள இருக்குன்னு தெரியும், இருந்தாலும் ஆயா மடில தலை வச்சு அப்டியே தூங்கிட்டாரு. யாரும் எழுப்பல.