மீதி 90 எங்கே போனது? சூழல் மண்டலப் பாடம் எனக்குப் பிடிபட்ட கதை

நீட் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் சீட் கிடைக்கவில்லை. அப்புறம் பிளஸ் டூ கட்-ஆஃப் கைகொடுத்ததில் கால்நடை மருத்துவம் சேர்ந்து இப்போது இரண்டாம் ஆண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி படித்ததும் "அதெல்லாம் சரி, உன் மார்க் என்ன" என்று கேட்பீர்கள். மொத்த மார்க் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் முதல் தடவை நான் அதிகம் கோட்டை விட்ட சூழலியல் பகுதியில் இரண்டாவது தடவை ஒரு கேள்வி கூடத் தப்பவில்லை. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன், அதுவும் ஆற்றல் ஓட்டம் என்ற ஒரே தலைப்பை வைத்து. அது பிடிபட்டால் பிரமிடு, உற்பத்தித்திறன், உணவு வலை எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

முதல் வருடம் நான் படித்தது ஒரே வரி: ஒரு ஊட்ட மட்டத்திலிருந்து, அதாவது உணவுச்சங்கிலியின் ஒரு படியிலிருந்து, அடுத்ததற்கு 10 விழுக்காடு ஆற்றல் போகும். இவ்வளவு சுலபமான விதி வேறு எந்தப் பாடத்தில் இருக்கிறது, ஒரு சைபரைத் தட்டினால் விடை வந்துவிடுமே என்று அசட்டையாக இருந்துவிட்டேன். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு. புல்லில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 20,000 ஜூல் என்றால் பாம்புக்கு எவ்வளவு? நான் புத்திசாலித்தனமாக, "செடி வெயிலில் 1 விழுக்காட்டைத்தானே பிடிக்கும்" என்று அதையும் கழித்துவிட்டு 0.2 ஜூல் என்று குறித்தேன். அந்த 0.2 ஆப்ஷனாகவே உட்கார்ந்திருந்தது, என்னை மாதிரி ஆட்களுக்காகவே வைத்தது போல. சரியான விடை 20. ஆற்றல் ஏற்கெனவே புல்லுக்குள் வந்துவிட்டது என்று கேள்வியே சொல்கிறது, நான் மறுபடியும் சூரியனிடம் போய் நின்றேன். அடுத்த தேர்வில் இதற்கு நேர் எதிர்: கேள்வியில் சூரிய ஒளி கொடுத்திருந்தார்கள், அங்கே 1 விழுக்காடு எடுக்காமல் 10 எடுத்துவிட்டேன். ஒரு தப்பான விடைக்கு வரவேண்டிய 4 போய், இருக்கிறதில் 1 கழியும். இரண்டு கேள்விக்கு மொத்தம் 10 மார்க் தள்ளி நிற்கிறோம்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சிவகங்கைப் பக்கம், கண்மாயை ஒட்டின வீடு. அப்பத்தா கொட்டகையில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து "உற்பத்தியாளர் 10,000, முதல்நிலை நுகர்வோர் 1,000" என்று ராகம் போட்டுப் படிப்பதைக் கேட்டுவிட்டு, "ஏப்பா, பத்துல ஒண்ணுதான் போகுதுன்னா மிச்சம் ஒம்பது எங்க போகுது?" என்றார். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. "வெப்பமா போயிரும் அப்பத்தா" என்று புத்தக வரியைச் சொன்னேன். அவர் கையில் இருந்த சாணத்தைக் காட்டி, "இது எரியுதே, அப்ப இதுக்குள்ள இருக்கிறது என்ன?" என்றார்.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் எங்கள் பசுவை வரைந்தேன். அதன் வாய்க்குள் வைக்கோல் போகிறது. வைக்கோலில் இருந்த ஆற்றல் முழுக்க மாட்டுக்குக் கிடைக்கவில்லை, ஏறக்குறைய பாதி செரிக்காமல் சாணமாகவே வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் வறட்டி எரிகிறது. சாணத்துக்கு ஒரு அம்புக்குறி. செரித்த பாதியிலும் பெரும்பங்கு மாடு மூச்சு விட, நடக்க, அசைபோட, உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. மார்கழிக் காலையில் மாட்டின் வயிற்றோரம் கையை வைத்துப் பாருங்கள், சுவாசத்தில் போகும் ஆற்றல் என்று புத்தகம் சொல்வது அந்தச் சூடுதான். அதற்கு இரண்டாவது அம்புக்குறி. கடைசியில் தசையாகவும் கொழுப்பாகவும் கன்றாகவும் மிஞ்சுவதுதான் அடுத்த ஊட்ட மட்டம் எடுத்துக்கொள்ளக்கூடியது. மூன்றாவது அம்புக்குறி, ரொம்ப ஒல்லியாக.

நான்காவது அம்புக்குறி வெட்னரிக்கு வந்த பிறகு போட்டது. இங்கே தீவன ஆற்றலை மொத்த ஆற்றல், செரிமான ஆற்றல், வளர்சிதைமாற்ற ஆற்றல், நிகர ஆற்றல் என்று படிப்படியாகக் கழித்துக்கொண்டே போவோம். அதில் மாடு ஏப்பமாக விடும் மீத்தேனுக்கே ஒரு தனிக் கழிவு உண்டு, மொத்த ஆற்றலில் சுமார் 6 விழுக்காடு. வகுப்பில் இதை நடத்தியபோது, அட, இது அந்தப் பத்து விழுக்காட்டு விதியை ஒரே மாட்டுக்குள் வைத்துப் பார்ப்பதுதானே என்று தோன்றியது. நீட்டுக்கு மீத்தேன் தேவையில்லை, விட்டுவிடலாம். ஆனால் "மீதி எங்கே போனது" என்று ஒவ்வொரு கேள்வியிலும் கேட்கும் பழக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், கீழே வருவதெல்லாம் அதே கேள்வியை வேறு வேறு இடத்தில் கேட்டுப் பார்ப்பது.

செடியிடம் கேட்டால் மொத்த முதல்நிலை உற்பத்தித்திறனும் நிகர உற்பத்தித்திறனும் புரிந்துவிடும். செடியும் மூச்சு விடுகிறது. ஒளிச்சேர்க்கையில் செய்தது மொத்தம், அதில் தன் சுவாசத்துக்குச் செலவானது போக மிச்சம் நிகரம். தின்ன வருபவருக்குக் கிடைப்பது நிகரம் மட்டும். 1 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான்: விழும் சூரிய ஒளியில் ஒளிச்சேர்க்கைக்கு உதவுவது பாதிக்கும் குறைவு, அதில் செடி பிடிப்பது 2 முதல் 10 விழுக்காடு. பாதியில் 2 விழுக்காடு என்றால் முழுசில் 1. என்சிஇஆர்டி புத்தகத்தின் ஆற்றல் பிரமிடில் (ஊட்ட மட்டங்களைக் கீழிருந்து மேலாக அடுக்கிய படம்) 10,00,000 ஜூல் வெயிலுக்குப் பக்கத்தில் உற்பத்தியாளர் 10,000 என்று இருக்கிறதே, அது இந்தக் கணக்குத்தான். அதற்கு மேலேதான் 1,000, 100, 10 என்று பத்துப் பத்தாக இறங்கும். கேள்வியைப் படித்ததும் நான் முதலில் செய்வது, கொடுத்த எண் வெயிலில் நிற்கிறதா செடிக்குள் நிற்கிறதா என்று பென்சிலால் அடிக்கோடு போடுவது.

சாணத்திடம் கேட்டால் மட்குப்பொருள் உணவுச்சங்கிலி, அதாவது கழிவிலும் செத்ததிலும் தொடங்கும் சங்கிலி. சாணம் வீணாகப் போவதில்லை, சாண வண்டு, பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் அதைத் தின்றுதான் பிழைக்கின்றன. நிலத்தில், பச்சைத் தாவரத்தைத் தின்பதில் தொடங்கும் மேய்ச்சல் சங்கிலியைவிட இந்த வழியாகத்தான் அதிக ஆற்றல் ஓடுகிறது, நீரில் மேய்ச்சல் சங்கிலிதான் பெரிய வழி. இதை நான் எப்போதும் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வேன். பிறகு வாசல் வேப்பமரத்தை நினைத்துக்கொண்டேன். அதன் இலையை ஆடு எவ்வளவு தின்னும்? பெரும்பகுதி உதிர்ந்து மண்ணில் மட்கத்தான் போகிறது. கடலில் மிதக்கும் தாவர நுண்ணுயிரையோ அப்போதே வந்து தின்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மாறவில்லை.

பிரமிடுக்கு வருவோம், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குவது. ஆற்றல் பிரமிடு ஒருபோதும் தலைகீழாக ஆகாது, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் வெப்பமாகப் போனது திரும்பி வராது. எண்ணிக்கை பிரமிடு ஆகலாம்: ஒரு மரம், அதில் ஆயிரம் பூச்சி. கடலில் உயிரித்திரள் (உயிரினங்களின் மொத்த எடை) பிரமிடும் தலைகீழாக நிற்கும், புத்தகத்தில் கீழே உற்பத்தியாளர் 4, மேலே நுகர்வோர் 21 என்று இருக்கும். கீழே 4 கிலோ அரிசியை வைத்துக்கொண்டு 21 கிலோ ஆளை எப்படி வளர்ப்பது என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். விடை கிடைத்தது பஸ் ஸ்டாண்ட் இட்லிக் கடையில். நீங்கள் எப்போது எட்டிப் பார்த்தாலும் தட்டில் பத்து இட்லிதான் இருக்கும், ஆனால் காலை பத்து மணிக்குள் ஊரே சாப்பிட்டுப் போயிருக்கும். ஏனென்றால் ஈடு ஈடாக அவித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பத்து இட்லிதான் நிலைப்பயிர், ஸ்டாண்டிங் க்ராப் என்பது. அவிக்கும் வேகம்தான் உற்பத்தித்திறன். மிதவைத் தாவரங்கள் அப்படித்தான், பெருகும் வேகத்தில் தின்னப்பட்டுவிடுகின்றன. உயிரித்திரள் பிரமிடு தட்டைப் படம் பிடிக்கிறது, ஆற்றல் பிரமிடு அன்றைய வியாபாரத்தைக் கணக்கெடுக்கிறது. அலகிலும் இதுவே தெரியும்: உற்பத்தித்திறன் என்றால் "ஆண்டுக்கு" என்ற சொல் கூடவே வரும், நிலைப்பயிருக்கு வராது. அலகு கேட்டே ஒரு கேள்வி போடலாம், கவனம்.

சின்ன விஷயம் இரண்டு. ஊட்ட மட்டம் என்பது உயிரினத்தின் பெயர் இல்லை, அது செய்யும் வேலை. சிட்டுக்குருவி தானியம் கொத்தினால் முதல்நிலை நுகர்வோர், புழுவைக் கொத்தினால் இரண்டாம் நிலை. இன்னொன்று, செத்ததை மட்கவைத்துத் தின்னும் மட்குண்ணிகளுக்கு பிரமிடில் இடமே இல்லை, இது பிரமிடின் குறைபாடுகளில் ஒன்றாகக் கேட்கப்படும்.

டிடிடி என்ற பூச்சிக்கொல்லி உணவுச்சங்கிலியில் மேலே போகப் போகச் சேர்ந்துகொண்டே போகும் உயிரிப் பெருக்கம் இப்போது என்சிஇஆர்டியில் இல்லை என்றாலும் நம் பிளஸ் டூவுக்காக ஒரு முறை பார்த்துவிடுங்கள், அதைவிட முக்கியமாக ஆற்றல் பாடம் அதனால் தெளிவாகும். நீரில் 0.003 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவு) இருந்த டிடிடி, மீன் தின்னும் பறவையின் உடம்பில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) ஆகிறது. ஒரே சங்கிலிதான், ஆற்றல் மேலே போகப் போகக் குறைகிறது, விஷம் கூடுகிறது. ஏன்? அதே கேள்வியைக் கேளுங்கள். ஆற்றலைச் சுவாசத்தில் எரித்துவிடலாம். டிடிடியை எரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது, கொழுப்பில் தங்கிவிடும். தின்ற நூறு மீனின் உடம்பு கரைந்து போகும், அவற்றின் டிடிடி போகாது.

இனி, 10 விழுக்காடு கல்வெட்டு இல்லை என்பது தேர்வுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் எனக்குப் பிடித்த பகுதி. ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடார் பாக் ஏரியை வருடக்கணக்கில் அளந்து எழுதிய கட்டுரை 1942-இல் வெளிவந்தது. முதலில் அதை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அச்சில் வருவதற்குள் அவர் 26 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் நாம் 10, 10, 10 என்று படிக்கிறோம், அவர் ஏரியில் வந்த எண்களோ உற்பத்தியாளருக்கு 0.10, தாவர உண்ணிக்கு 13.3, ஊன் உண்ணிக்கு 22.3 விழுக்காடு. எச்.டி. ஓடம் என்ற சூழலியலாளர் 1957-இல் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குப் போட்ட கணக்கில், சுற்றுலா வந்தவர்கள் மீனுக்குப் போட்ட ரொட்டியைக் கூட வரவில் சேர்த்திருந்தார். அந்த எண்கள்தான் எனக்குப் பயிற்சிக் கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு, கிலோகலோரியில், மொத்த உற்பத்தி 20,810, சுவாசம் 11,977, தாவர உண்ணிகள் 3,368, ஊன் உண்ணிகள் 383, உச்ச ஊன் உண்ணிகள் 21. நிகர உற்பத்தியைக் கண்டுபிடியுங்கள், ஒவ்வொரு படிக்கும் விழுக்காடு போடுங்கள். 8,833 வந்தால் சரி. 383-இலிருந்து 21-க்கு 10 வராது, ஐந்தரைதான் வரும், பதற வேண்டாம். தேர்வில் எண் எதுவும் கொடுக்காவிட்டால் மட்டும் 10.

தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு ஒன்று. நம் பாடநூலில் இருக்கும் சொல்லும் வினாத்தாளில் வரும் சொல்லும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். "நிலைப்பயிர்" என்று படித்துவிட்டுப் போனவனுக்கு வேறு ஏதோ சொல் வந்தால் அங்கேயே இரண்டு நிமிடம் போய்விடும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவம்தான் இறுதி என்பது விதி, ஆகவே பக்கத்திலேயே இருக்கும் ஆங்கில வரியையும் பார்க்கப் பழகுங்கள். ட்ராபிக் லெவல், ஸ்டாண்டிங் க்ராப், டெட்ரிட்டஸ், நெட் பிரைமரி ப்ரொடக்டிவிட்டி என்று ஒரு இருபது சொல் இருந்தால் இந்தப் பாடத்துக்குப் போதும். நான் முதல் வருடம் இதைச் செய்யாததற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள் இந்தப் பாடத்துக்கு நான் புத்தகத்தைத் திறக்கவில்லை, அந்த மாட்டுத் தாளை மட்டும்தான் எடுத்துப் பார்த்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஹாஸ்டலில் பார்க்கிறவர்கள் எல்லாம், வெட்னரி படிக்கிறவன் மாட்டை ஏண்டா நாய் மாதிரி வரைந்திருக்கிறாய் என்கிறார்கள்.