ஒரே கல்லறை, ஆறு சபைகள்: எருசலேம் திருக்கல்லறை ஆலயத்தில்

எருசலேமுக்குப் போய் ஆண்டவருடைய கல்லறையில் முழந்தாள்படியிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினவர்கள் நம் ஊரில் ஏராளம். பிள்ளைக்கு உடம்பு தேறினால் என்று ஒருவர், அம்மாவின் கடைசி ஆசை என்று இன்னொருவர். அப்படிப் புறப்படும் பயணக் குழுவின் பஸ்ஸில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் கலந்தே இருப்பார்கள். கலிலேயாவிலிருந்து எருசலேம் வந்து சேர்வதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: இத்தனை சபைகளில் எது சரி? முழுச் சத்தியமும் யாரிடம் இருக்கிறது? அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டே திருக்கல்லறை ஆலயத்துக்குள் போகலாம். அதைக் கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டி 335இல் அர்ச்சித்த ஆலயம். 614இல் பாரசீகர் எரித்தார்கள், 1009இல் கலீபா அல்-ஹக்கீம் இடித்தார். இப்போது நாம் பார்க்கும் கட்டடத்தின் பெரும்பகுதி 1149இல் சிலுவைப்போர்க்காரர்கள் முடித்தது. உள்ளே ஆறு சபைகளுக்கு உரிமை உண்டு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர் (அவர்கள் சார்பில் பிரான்சிஸ்கன் துறவிகள்), அர்மேனியர் ஆகிய மூவருக்கும் பெரும்பங்கு. காப்டிக் (எகிப்தியர்), சிரிய, எத்தியோப்பிய சபைகளுக்குச் சிறுபங்கு. எந்தத் தூணை யார் துடைப்பது, எந்த விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுவது என்பதுவரை 1757, 1852 ஆண்டுகளின் ஒட்டோமான் சுல்தான் ஆணைகளின்படிதான் இன்றும் நடக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஸ்டேட்டஸ் கோ’ (இருந்தபடியே இருக்கட்டும்) என்று பெயர். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், வலது சன்னலுக்குக் கீழே ஒரு சின்ன மர ஏணி சாய்ந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது இருக்கிறது. எல்லாரும் ஒத்துக்கொண்டால் ஒழிய எதையும் நகர்த்தக் கூடாது, அதனால் அது அங்கேயே நிற்கிறது. ஆலயச் சாவி யூதே என்ற முஸ்லிம் குடும்பத்தின் வசம், கதவைத் திறந்து மூடுவது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம்.

நேரத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும், இதில்தான் பல குழுக்கள் ஏமாறுகின்றன. இஸ்ரவேலில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ஆலயத்துக்குள் அந்த மாற்றம் கிடையாது, ஆண்டு முழுவதும் பழைய நேரமே. அதனால் குளிர்காலத்தில் காலை 4 மணிக்குத் திறக்கும் கதவு, கோடையில் நம் கைக்கடிகாரத்துக்கு 5 மணிக்குத் திறக்கும். பிரான்சிஸ்கன்களின் தினசரிப் பவனி குளிர்காலத்தில் மாலை 4, கோடையில் 5. நள்ளிரவுக்குப் பிறகு கல்லறையில் முதலில் கிரேக்கர், அடுத்து அர்மேனியர், விடியும் நேரத்தில் கத்தோலிக்கர் வழிபடுவார்கள். ஒரு சபை உள்ளே வழிபடும்போது மற்றவர்களுக்குக் கல்லறை அடைப்புதான்.

பழைய நகர மதிலின் யோப்பா வாசலிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனை தொந்தரவு! "சர்ச் இன்றைக்கு மூடியிருக்கிறது, என்னோடு வாருங்கள்" என்று ஒருவர், "வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறேன்" என்று ஒருவர், கையில் ஜெபமாலையைத் திணித்துவிட்டுக் காசு கேட்பவர் ஒருவர். ஆலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது, கல்லறை வரிசைக்கும் கிடையாது. யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். 33 மெழுகுவர்த்திகள் சேர்ந்த கட்டு வாங்குவதென்றால் போகிற வழியில் முதல் கடையிலேயே வாங்காமல் இரண்டு மூன்று கடை விசாரித்து வாங்குங்கள். பக்தியோடு தூரதேசத்திலிருந்து வருகிறவர்களிடம் இப்படி நடந்துகொள்வது மனசுக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

நுழைந்ததும் எதிரே, அடக்கத்துக்கு முன் ஆண்டவருடைய உடலுக்குத் தைலம் பூசினதாகச் சொல்லப்படும் கல். இப்போதுள்ள பலகை 1810இல் வைத்தது. மேலே தொங்கும் எட்டு விளக்குகளும் ஒரே சபையுடையவை அல்ல, பல சபைகள் பங்குபோட்டுத் தொங்கவிட்டவை. ஜனங்கள் நறுமணத் தைலத்தை ஊற்றிக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார்கள், கல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். வீட்டிலிருந்தே ஒரு வெள்ளைத் துணி கொண்டுபோய் இங்கே ஒற்றி வாருங்கள். படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு அதைவிட வேறு பரிசு வேண்டாம்.

வலப்பக்கம் செங்குத்தான கற்படி, அது கல்வாரிக்குப் போகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். ஏற முடியாதவர்கள் படிக்குக் கீழேயே ஆதாம் சிற்றாலயத்துக்குப் போகலாம், அங்கே கண்ணாடி வழியாகக் கல்வாரிப் பாறையின் வெடிப்பு தெரியும். மேலே ஒரே தளத்தில் இரண்டு பீடங்கள். வலப்பக்கம், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடம், கத்தோலிக்கருடையது. இடப்பக்கம், சிலுவை நட்ட இடம், கிரேக்கருடையது. அந்தப் பீடத்துக்கு அடியில் வெள்ளித் தகட்டின் நடுவே ஒரு துவாரம். முழந்தாளிட்டுக் குனிந்து கையை உள்ளே விட்டால் பாறை தொடும். இரண்டு பீடத்துக்கும் நடுவில் வியாகுல மாதா பீடம், அதுவும் கத்தோலிக்கருடையது. சில தப்படி தூரத்துக்குள் இரண்டு சபைகள், இரண்டு வகை விளக்கு, இரண்டு வகைப் படம். பாறை மட்டும் இரண்டு பேருக்கும் கீழே ஒன்றே.

இனிக் கல்லறை. பெரிய குவிமாடத்தின் கீழே சின்ன வீடுபோல நிற்கிறது. வரிசை அதைச் சுற்றி வளைந்து போகும். கூட்டமான நாளில் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். கதவு திறந்தவுடனோ, மூடுவதற்கு முந்தின ஒரு மணி நேரத்திலோ வந்தால் சுருக்கமாக முடியும். வரிசையில் முட்டலும் தள்ளலும் உண்டு. பெரிய குழுக்கள் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு நாற்பது பேரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளும். கோபம் வரும், அதையும் அங்கேயே ஒப்புக்கொடுத்துவிட வேண்டியதுதான்.

முதல் அறையில், சம்மனசு புரட்டிய கல்லின் துண்டு ஒரு பீடத்தில் இருக்கிறது. அடுத்த வாசல் மிகத் தாழ்வு. எவ்வளவு பெரிய ஆயராக இருந்தாலும், பேராயராக இருந்தாலும், தலை குனியாமல் உள்ளே போக முடியாது. உள்ளே மூன்று நான்கு பேருக்குத்தான் இடம். வலப்பக்கம் பளிங்குப் பலகை, குறுக்கே ஒரு வெடிப்பு. எத்தனையோ உதடுகளும் நெற்றிகளும் பட்டு வழவழவென்று ஆகிவிட்ட கல். நெற்றியை அதில் வைத்துவிட்டு, எழுந்திருக்கும்போது ஒரு கணம் மேலே பாருங்கள். 43 விளக்குகள் தொங்குகின்றன. கிரேக்கருக்கு 13, கத்தோலிக்கருக்கு 13, அர்மேனியருக்கு 13, காப்டிக்காருக்கு 4. எது யாருடைய விளக்கு என்று அவரவர் துறவிகளுக்குத் தெரியும். கீழே முழந்தாளிடுகிற நமக்கு எல்லாம் சேர்ந்து ஒரே வெளிச்சம். பலகைமேல் விழுகிற அந்த வெளிச்சத்தில் இது கிரேக்க விளக்கின் ஒளி, இது ரோம விளக்கின் ஒளி என்று யாரால் பிரிக்க முடியும்? ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம். கொண்டுபோன விண்ணப்பச் சீட்டெல்லாம் மறந்துபோகும், நன்றி ஒன்றுதான் வரும். அதற்குள் வெளியே நிற்கும் துறவி கையைத் தட்டி அவசரப்படுத்துவார். கிடைப்பது ஒரு நிமிஷம், சில நாள் அதுவும் இல்லை. அதனால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டே உள்ளே போங்கள்.

நம் குழுக்கள் பெரும்பாலும் இதோடு திரும்பிவிடுகின்றன. அது பெரிய நஷ்டம். கல்லறையின் பின்பக்கம் போனால் ஒட்டினாற்போல் காப்டிக் சபையின் குட்டிச் சிற்றாலயம். அங்கே முழந்தாளிட வரிசை அவ்வளவாக இருக்காது. அதற்கு எதிரே, வட்ட மண்டபத்தின் மேற்குச் சுவரில், சிரிய சபையின் சிற்றாலயம். சுவரெல்லாம் கரி படிந்து, பூச்சு உதிர்ந்து கிடக்கும். இடம் எங்களுடையது என்று அர்மேனியரும் உரிமை கோருவதால் இருவரும் பழுதுபார்க்க முடியவில்லை. அதன் உட்புறத்தில் தாழ்வான திறப்புக்கு அப்பால், பாறையில் குடைந்த முதல் நூற்றாண்டு யூதக் கல்லறைகள் இருக்கின்றன. செல்போன் டார்ச் அவசியம். இந்த இடம் அக்காலத்தில் கல்லறை நிலமாக இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. ஏழ்மையான அந்தச் சிற்றாலயத்தில் ஜெபிப்பது சிரிய மொழியில். ஆண்டவர் பேசின அரமேயத்துக்கு அத்தனை நெருக்கமான மொழி. நமக்கு அடுத்த கேரளத்தின் மலங்கரை சபைக்கும் இதுவே வேர்.

கிழக்கே படியிறங்கினால் அர்மேனியரின் புனித ஹெலேனா (கான்ஸ்டன்டைனின் தாய்) சிற்றாலயம். இன்னும் இறங்கினால் சிலுவையைக் கண்டெடுத்த குகை, அது கத்தோலிக்கர் வசம். எத்தியோப்பியருக்குக் கிடைத்திருப்பது கூரை. முற்றத்தின் வலப்பக்கச் சின்னக் கதவில் நுழைந்து இரண்டு சிற்றாலயங்களைக் கடந்து ஏறினால், மண் குடில் போன்ற அறைகளில் அவர்களுடைய துறவிகள் வாழ்கிறார்கள். இந்த இடத்துக்குக் காப்டிக் சபையோடு தீராத வழக்கு. 2002இல் ஒரு துறவி நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினதில் அடிதடியாகி, 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2008 நவம்பரில் கீழே கிரேக்கரும் அர்மேனியரும் கைகலந்தார்கள். உயிர்த்த ஆண்டவரின் கல்லறை முன்னால் இப்படி நடந்தது வெட்கம்தான், மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இவர்கள் பிரிந்ததற்குக் காரணங்கள் அற்பமானவை அல்ல. 451இல் ஆயர்கள் கூடிய கால்கெதோன் பொதுச்சங்கத்தில் கிறிஸ்துவின் தேவத்துவமும் மனுஷத்துவமும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைச் சொன்ன விதத்தை அர்மேனியரும் காப்டிக்காரும் சிரியரும் எத்தியோப்பியரும் ஏற்கவில்லை. 1054இல் ரோமாபுரியும் கான்ஸ்டான்டினோபிளும் பிரிந்தன. பரிசுத்த ஆவியானவர் பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்பது அந்தச் சண்டையின் ஒரு முனை. 1517க்குப் பிறகு சீர்திருத்தம். ஆனால் உட்கார்ந்து பேசினபோது என்ன ஆயிற்று? 1054இன் சாபங்களை 1965இல் இரு தரப்பும் நீக்கின. 1973இல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் போப் மூன்றாம் ஷெனூதாவும், 1984இல் போப் இரண்டாம் யோவான் பவுலும் சிரிய மறைமுதுவர் சக்காவும், கிறிஸ்துவைப் பற்றி ஒரே விசுவாசத்தைச் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 1999இல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுவதைப் பற்றி லுத்தரனும் கத்தோலிக்கரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒருவர்கூட முழுத் தவறாக இல்லை, ஒருவர்கூட மற்றவர் உதவியில்லாமல் முழுவதையும் பிடித்திருக்கவும் இல்லை. சபைகளுக்குள் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட இதில் இடமில்லை. நற்கருணையை எப்படி விளங்கிக்கொள்வது, குருத்துவம் யாருடையது, மாதாவை எப்படி வணங்குவது என்பதெல்லாம் இன்னும் தீராமலே இருக்கின்றன.

அதனால் நடைமுறையில் ஒன்று. கத்தோலிக்கத் திருப்பலியிலோ ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டிலோ வேறு சபையார் நற்கருணை வாங்க வரிசையில் நிற்க வேண்டாம், அவர்களுக்குச் சங்கடம். கிரேக்க வழிபாட்டின் முடிவில் ஆசீர்வதித்த அப்பம் கொடுப்பார்கள், அது நற்கருணை அல்ல. நமக்கு நீட்டினால் நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம்.

புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு இந்த ஆலயத்துக்குள் ஓர் அங்குலமும் இல்லை. பக்கத்துத் தெருவிலேயே லுத்தரன் மீட்பர் ஆலயம், 1898 அக்டோபர் 31, சீர்திருத்த நாளன்று அர்ச்சித்தது. தமஸ்கு வாசலுக்கு வெளியே தோட்டக் கல்லறை, ஆண்டவரை அடக்கம்பண்ணின இடம் இதுவே என்று புராட்டஸ்டன்ட் சபையார் பலர் கருதுகிற இடம். அது 1867இல் கண்டுபிடித்தது, 1883இல் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் கார்டன் வந்த பிறகு பேர்பெற்றது. அங்குள்ள கல்லறை ஆண்டவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தினது என்பதே தொல்லியல் அறிஞர்கள் பலரின் முடிவு. இருந்தாலும் அங்கே போகாமல் வராதீர்கள். மரநிழலில் உட்கார்ந்து சுவிசேஷத்தை நிதானமாக வாசிக்கவும், குழுவாகப் பாடவும், திருவிருந்து எடுக்கவும் அங்கே இடம் கிடைக்கும். நெரிசலில் ஒரு நிமிஷம் மட்டுமே கிடைத்த நம் மனசுக்கு அந்த அமைதி தேவை. அனுமதி இலவசம், ஞாயிறு விடுமுறை. திருவிருந்து எடுப்பதென்றால் முன்பதிவு செய்ய வேண்டும்.

1947இல் பிரிட்டிஷார் கல்லறையைச் சுற்றிக் கட்டிய இரும்புச் சட்டங்கள் எழுபது ஆண்டு அப்படியே நின்றன. யார் பழுதுபார்ப்பது என்று மூன்று சபைகளும் ஒத்துக்கொள்ளாததே காரணம். 2015 பிப்ரவரியில், இடிந்து விழலாம் என்று போலீசார் கல்லறையைச் சில மணி நேரம் பூட்டினார்கள். அடுத்த ஆண்டே மூன்று சபைகளும் கையெழுத்திட்டு, ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அந்தோனியா மொரோபூலு குழுவிடம் வேலையை ஒப்படைத்தன. 2016 அக்டோபரில் பளிங்குப் பலகையை நகர்த்தினபோது, அதன் கீழே இன்னொரு பலகையும் அதற்கும் கீழே மூலப் பாறையும் தெரிந்தன. அந்தக் கீழ்ப் பலகையை ஒட்டியிருந்த காரையை ஆராய்ந்ததில் அது கான்ஸ்டன்டைனின் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. 2017 மார்ச்சில் இரும்புச் சட்டங்கள் போய்விட்டன. இன்று நாம் கல்லறையைத் தடையின்றிப் பார்க்கிறோம் என்றால் அந்த மூன்று கையெழுத்துக்கும் தேவனுக்கும் ஸ்தோத்திரம்.

இரவு முழுவதும் உள்ளேயே தங்கி ஜெபிக்க விரும்புகிறவர்கள் பிரான்சிஸ்கன் சக்ரீஸ்தியில் (வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறையில்) முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். சிலருக்கே அனுமதி. கதவைப் பூட்டிவிட்டால் விடியற்காலைவரை வெளியே வர முடியாது, உறங்கக் கூடாது, சத்தமாகப் பாடக் கூடாது. குளிருக்குச் சால்வை கொண்டுபோங்கள். ஒரே இரவில் கிரேக்கர் பாட்டு, அர்மேனியர் பாட்டு, லத்தீன் திருப்பலி மூன்றையும் ஒரே கல்லறை முன்னால் கேட்கும் பாக்கியம் வேறெங்கும் கிடைக்காது. அது முடியாதவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பயண ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: திருக்கல்லறை ஆலயத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது, தோட்டக் கல்லறைக்கு ஒரு மாலை. நாற்பது நிமிஷம் போதும், மீதி நேரம் ஒலிவமரக் கடைக்கு என்று சொன்னால் வேறு ஏற்பாட்டாளரைப் பாருங்கள்.