தண்ணீர் பிடிக்கும் நேரம் எந்த எண்ணுக்குள் இருக்கிறது?

எம்.ஏ. மாணவர்கள் ஆய்வுத் தலைப்போடு என்னைத் தேடி வரும் மாதம் இது. "மேம், நல்ல பேப்பர் எல்லாமே காசு கேட்குது" என்பதுதான் பெரும்பாலானோர் சொல்லும் முதல் வார்த்தை. உண்மைதான். ஆய்விதழ்களைக் கட்டணமில்லாமல் படிக்க வழிசெய்ய 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கானது. எங்களுடையது போன்ற தனியார் கல்லூரிகள் அதற்குள் இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் ஆய்வு அதனால் நிற்க வேண்டியதில்லை. ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இலவசமாகப் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுத் தளமான ஷோத்கங்காவில் பிஎச்.டி. ஆய்வேடுகள் முழுசாகக் கிடைக்கின்றன. தரம் ஒரே சீராக இருக்காது. பின்னிணைப்பில் உள்ள கேள்வித்தாளுக்காகவே திறந்து பாருங்கள். இதையெல்லாம் எந்த நூலகரும் சொல்லிவிடுவார். நான் சொல்ல வருவது வேறு. நம் ஊரைப் பற்றிய கேள்விக்கு, அடுத்தவர் எழுதிய கட்டுரையைத் தேடும் முன் தரவையே திறந்து பாருங்கள்.

இந்த வருடம் ஒரு மாணவி, சென்னையின் தெற்கு ஓரத்தில் உள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட, வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறாள். அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது கேள்வி. புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில், 2019-இல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் மூலத்தரவு இருக்கிறது. பதிவு செய்தால் போதும், கட்டணம் கிடையாது. 1,38,799 வீடுகளில், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், முந்தைய நாள் காலை நாலு மணியிலிருந்து மறுநாள் காலை நாலு மணி வரை என்ன செய்தார்கள் என்று அரை அரை மணி நேரமாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

செய்தித்தாள்களில் அதிகம் வந்த எண் 299. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் சராசரி நிமிடங்கள் அவை, ஆண்களுக்கு 97. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் சென்னைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று தவறிவிடும். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் தரும் குறியீட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சமையல், பாத்திரம், துணி எல்லாம் 3-இல் தொடங்கும் பிரிவு. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதோ சொந்தப் பயன்பாட்டுக்கான உற்பத்தி என்று 2-இல் தொடங்கும் பிரிவுக்குள், விறகு சேகரிப்பதோடு இருக்கிறது. லாரிக்குக் காத்திருந்து குடம் தூக்கிய நேரம் அந்த 299-க்குள் வராது! அதேபோல வேலைக்குப் போய்வரும் பஸ் பயணம் வேலை என்ற பெரும்பிரிவுக்குள் அடங்கிவிடும். பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வீடுகளுக்குப் போய்வருகிறவர்களை ஆராயும்போது அதைப் பிரித்துப் பார்க்கத்தானே வேண்டும்? உட்பிரிவு எண் வரை போனால்தான் அது தனியாகத் தெரியும்.

அதனால் தரவை இறக்கியதும் முதலில் கேள்விப்படிவம், அப்புறம் களப்பணியாளர் கையேடு, அதற்குப் பிறகுதான் எண்கள். ஒவ்வொரு வரியோடும் ஒரு மல்டிப்ளையர், அதாவது அந்த வரி மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் எண், இருக்கும். அதைப் போடாமல் எடுத்த சராசரி தமிழ்நாட்டின் சராசரி ஆகாது. மென்பொருளுக்கும் செலவில்லை, 'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள் போதும். பெரும்பாக்கத்துக்கென்று இதில் தனி விடை கிடைக்காது. மாதிரி அவ்வளவு நுணுக்கமானது அல்ல. ஆனால் அந்த அரை மணி நேரப் படிவத்தையே கையில் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனால், அவள் சேகரிப்பதை நகர்ப்புறத் தமிழ்நாட்டோடு ஒப்பிட முடியும். எனக்கு அதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

கிராமங்களை ஆராய்பவர்களுக்கு இதைவிட நீண்ட தொடர்ச்சி காத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 'இந்தியப் பொருளியல்' துறையின் முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களை அனுப்பிக் கிராமங்களை ஆராய வைத்து 1918-இல் அறிக்கை வெளியிட்டார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் போன்ற ஊர்கள் அதில் இருக்கின்றன. 1930-களில் வேறு ஆய்வாளர்கள் அந்த ஊர்களுக்கு மறுபடி போனார்கள், பின்னாலும் போனார்கள். பழைய அறிக்கையின் ஸ்கேன் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கிறது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி எழுதப்பட்ட கிராம ஆய்வு நூல்களையும் தேடிப் பாருங்கள்; கூலி, கடன், சாதி வாரியாக வீடுகள் என்று அட்டவணைகள் நிறைய இருக்கும்.

இணையத்தில் இல்லாத தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் துண்டறிக்கைகளுக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகம்தான். அதன் நூல்பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே உட்காரும் நேரம் முழுவதும் படிப்பதற்கே கிடைக்கும்.