போல்ட்டின் தலையில் உள்ள எண்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிடுவோரும் புதிதாகத் தகரக் கொட்டகை போடுவோரும் போல்ட்டின் கனத்தையும் நீளத்தையும் மட்டுமே சொல்லி வாங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதன் தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் அவசியம் பார்க்க வேண்டும்.

8.8 என்றிருந்தால், முதல் எண்ணை 100ஆல் பெருக்கிக் கிடைக்கும் 800 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் விசை என்று சொல்லும் அலகு) அந்த எஃகின் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் உச்ச அளவு. புள்ளிக்குப் பின்னுள்ள 8, அதில் பத்தில் எட்டுப் பங்கான 640 மெகாபாஸ்கலைத் தாண்டினால் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் நீண்டுவிடும் என்பதைக் குறிக்கிறது. இதே கணக்கில் 4.6க்கு 400, 240; 10.9க்கு 1000, 900. போல்ட்டுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 898-1 இம்முறையையே பின்பற்றுகிறது.

கிரில், கைப்பிடி போன்றவற்றுக்கு 4.6 போதும். இரும்புத் தூணும் உத்திரமும் சேருமிடத்தில் 8.8 வேண்டும்.

உயர்ந்த எண்ணே எப்போதும் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 12.9 போன்ற மிகக் கடினமான போல்ட்டுக்கு முறையான கவனமின்றி மின்முலாம் பூசினால், ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, இறுக்கிய பிறகு முன்னறிகுறியே இல்லாமல் அது முறியக்கூடும். பர்மாத் தேக்கு உத்திரங்களை இணைக்கும்போதோ பெரும்பாலும் போல்ட்டுக்கு முன் மரமே நசுங்கும் என்பதால், அங்கே உயர்தர போல்ட்டைவிட அகலமான வாஷரே கூடுதலாக உதவும். நட்டையும் மறக்கலாகாது: 8.8 போல்ட்டுக்கு 8ஆம் தர நட்டாவது இருக்க வேண்டும், இல்லையெனில் போல்ட் தாங்கினாலும் நட்டின் மரை உரிந்துவிடும்.