குமிழா, மூளையா?

ராத்திரி மூன்று மணி இருக்கும். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த ஒருவரின் படுக்கையருகே, திரையில் அவர் மூளையின் குளுக்கோஸ் அளவைக் காட்டும் கோடு சரிய ஆரம்பித்தது. "மேடம், டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றார் நர்ஸ். எனக்கு உடனே பதில் வரவில்லை. குழாயில் ஒரு காற்றுக் குமிழ் சிக்கினாலும் கோடு இப்படித்தான் விழும்.

மைக்ரோடயாலிசிஸில் மூளைத் திசுவுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்கள். நுனியில் 10 மி.மீ. நீளத்துக்குச் சவ்வு. உள்ளே நிமிடத்துக்கு 0.3 மைக்ரோலிட்டர் திரவம் ஓடும்; மூளையிலிருந்து குளுக்கோஸும், குளுக்கோஸ் சிதையும்போது உண்டாகும் லாக்டேட்டும் அதில் ஊறிவரும். வழக்கமாக ஒரு மணி நேரம் சேர்த்துத்தான் அளப்பார்கள். கிடைப்பது 18 மைக்ரோலிட்டர், அரைச் சொட்டுகூடத் தேறாது.

அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு உறுத்தல். 1944-ல் பிரேசில் விஞ்ஞானி அரிஸ்டிடிஸ் லியாவ் முயல் மூளையில் கண்டு எழுதிய மின் அலை, அடிபட்ட மனித மூளையிலும் எழுகிறது. நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்று ஊர்ந்து பரவும். அது கடக்கும் இடத்தில் செல்களுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். அதைத் திரும்ப உள்ளே இறைக்க மூளை குளுக்கோஸைச் செலவழிக்கும், லாக்டேட் ஏறும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத் திரவத்தோடு கலந்தால் சுவடே தெரியாது. அதனால்தான் ஓடுகிற திரவத்தை ஓட்டத்திலேயே அளக்கும் சென்சார் செய்கிறோம்.

முடியைவிட மெல்லிய பிளாட்டினம் கம்பி. அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம். அது குளுக்கோஸைத் தொட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், 0.7 வோல்ட்டில் அதை மின்னோட்டமாகப் படிக்கிறோம். சிக்கல் என்னவென்றால், மூளையில் ஏராளமாக இருக்கும் வைட்டமின் சி-யும் அதே வோல்ட்டில் மின்னோட்டம் தரும். அதைத் தடுக்கக் கம்பியின்மேல் ஒரு பாலிமர் படலம் வளர்க்கிறோம். பெராக்சைடு நுழையும், வைட்டமின் சி நுழையாது. இந்தப் படலம் சரியாக வருவதற்கே எனக்கு மாதங்கள் ஆயின. நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்த கம்பிகூடச் சோதனையில் ஒழுகியிருக்கிறது.

அன்று நான் மற்ற இரண்டு கோடுகளையும் பார்த்தேன். குமிழ் என்றால் லாக்டேட்டும் கூடவே விழுந்திருக்கும், பொட்டாசியம் கோடு கிறுக்கியிருக்கும். ஆனால் பொட்டாசியத்தில் சற்று முன்னால் ஒரு மேடு, லாக்டேட் ஏறுமுகம். "கூப்பிடுங்க சிஸ்டர்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் பிடித்திருந்தது.

அந்த இரண்டு நிமிடத்தைக் குறைக்கத்தான் இப்போது வேலை நடக்கிறது. என்சைம் நாள்பட வீரியம் இழக்கும், கோடு மெல்லத் தாழும். ஆகவே அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசலை இடையிடையே தானாகவே உள்ளே விடும் பம்ப் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். மூன்று கோடுகளும் இனி ஒரே திரையில், ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். நர்ஸே பார்த்துச் சொல்லிவிடலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.