எல்ஸ்ட்ரிப் செய்யும் வேலை

பைதான் நிரல்மொழியில் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் இருக்கும் "திருமதி "யை நீக்க, இடப்பக்கத்தை வெட்டும் எல்ஸ்ட்ரிப் (lstrip) கட்டளையைப் போடாதீர்கள். "திருமதி கமலா" ஒழுங்காகக் "கமலா" ஆகிவிடும், அதை நம்பி விட்டுவிடுவோம். ஆனால் "திருமதி திவ்யா" வெறும் "வ்யா" ஆகிவிடுவார். மீனாவின் கதி இன்னும் மோசம்: "ம" போய், ஈகாரக் குறி மட்டும் ஒட்ட இடமில்லாமல் நிற்கும்.

நாம் கொடுப்பதை எல்ஸ்ட்ரிப் ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை, குறிகளின் மூட்டையாகத்தான் பார்க்கிறது. த, இகரக் குறி, ர, உகரக் குறி, ம, இடைவெளி. இடப்பக்கத்திலிருந்து இவற்றில் எது வந்தாலும், எந்த வரிசையில் வந்தாலும் வெட்டிக்கொண்டே போகும். மூட்டையில் இல்லாத குறி வந்தால்தான் நிற்கும்.

முன்னொட்டை மட்டும் நீக்க ரிமூவ்பிரிஃபிக்ஸ் (removeprefix) இருக்கிறது. 2020இல் வந்த 3.9 பதிப்பில்தான் சேர்த்தார்கள். இவ்வளவு தாமதமாகவா என்று எனக்குக் கோபம்தான். எதைப் பயன்படுத்தினாலும் திரும்பி வருவது புதிய சரம் (எழுத்துகளின் தொடர்), அதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழையது அப்படியே இருக்கும்.

அப்புறம், "மீனா" எழுத்துகளால் ஆனதா என்று இஸ்ஆல்ஃபா (isalpha) என்ற கட்டளையைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். உயிர்க்குறிகள், கணினி எழுத்துகளுக்கான தரமான யூனிகோடில் எழுத்து வகையில் சேராதாம்! படிவங்களில் பெயரைச் சரிபார்க்க இதை வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள்.